பெரியம்மா அனுப்பிய கோழிகள்

என் மருமகள் சித்தூருக்குப் போய் இரண்டு பெட்டைக் கோழி வாங்கி வந்தாள். வீட்டுக் கோழிகளோடு அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று போனில் ஒருவர் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாக வை, கழிச்சல் இருக்கிறதா பார், பொழுது சாய்ந்த பிறகு கூட்டில் விடு என்றார். எல்லாம் சரிதான். அடுப்பைச் சுற்றிக் காட்டுவதைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவள் இல்லை. ஆனால் கோழி விஷயத்தில் எனக்கு யாரும் போனில் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோழி வந்தால் அதைக் கையில் பிடித்து அடுப்பை மூன்று சுற்று சுற்றிக் காட்டுவது எங்கள் குடிபாலாப் பக்கத்து வழக்கம். சுற்றிய கோழி அந்த வீட்டை விட்டுப் போகாது. சுற்றாத கோழி பொழுது சாய்ந்தால் பழைய வீட்டுக்கே நடந்துவிடும்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடையில் கழிச்சல் வந்து எங்கள் கோழிகள் செத்துப்போயின. செவலைச் சேவலும் மொட்டைக்கழுத்துக் கோழியும், அதன் பின்னாலேயே திரியும், இன்னும் முட்டையிடத் தொடங்காத இரண்டு விடைக்கோழிகளும்தான் மிஞ்சின. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் வேலியோரம் முருங்கை மரத்தடியில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. உள்ளே இரண்டு கறுப்புக் கோழிகள்.

கூடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது பெரியம்மாவுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் நைனாவின், அதாவது என் அப்பாவின், அண்ணன் வீடு. கிணற்றுத் தண்ணீர் முறையில் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து, குடும்பம் பிரிந்து, நடுவில் கள்ளிவேலி வந்திருந்தது. அந்த வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்பது நைனாவின் உத்தரவு. அதுவரை ஒரே அடுப்பில் சமைத்த அம்மாவும் பெரியம்மாவும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பாவும் வாய் திறக்காத மனிதர்.

“தண்ணி வுட மனசு வரல, கோழி குடுக்க வந்துச்சா? நோவு புடிச்சதத் தள்ளி வுட்டுக்கீறாங்க” என்றார் நைனா. மிஞ்சியதையும் சாகடிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் தீர்மானம். உயிரோடு வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றாள் அம்மா.

கூடை தனியாக மாமரத்தடிக்குப் போனது. நைனா தினமும் விடிந்ததும் குந்தி உட்கார்ந்து அவற்றின் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். தண்ணீர்ப் பாத்திரத்தைக்கூட மோந்து பார்த்தார். கறுப்புக் கோழிகள் கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தன. அந்தப் பார்வையே சரியில்லை என்று எனக்கும் பட்டது. நைனாவின் மகள் ஆயிற்றே.

நோய் ஒன்றும் வரவில்லை. வாசனை ஒன்றாக இருக்கட்டும் என்று அம்மா எல்லாக் கோழிகளுக்கும் அடுப்புச் சாம்பலைத் தடவிக் கலந்துவிட்டாள். சாம்பலுக்கெல்லாம் மொட்டைக்கழுத்து ஏமாறவில்லை. புதுக்கோழிகளின் கொண்டையில் ரத்தம் வரக் கொத்தியது. எனக்கு அதன்மேல் பெருமையாக இருந்தது. சேவல்தான் மானம் கெட்டது. முதல் நாளே கட்சி மாறிக் கறுப்பிகளின் பின்னால் நடந்தது.

“அடுப்ப சுத்திக் காட்டனியா?” என்று நைனா கேட்டார். அம்மா இரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். போன வேகத்தில் வெளியே வந்து, ஆயிற்று என்றாள்.

அன்று சாயங்காலமே கறுப்பிகள் வேலிச் சந்தில் நுழைந்து பெரியம்மா வீட்டுக்குப் போயின. பின்னாலேயே சேவல். சேவலுக்குப் பின்னால் விடைக்கோழிகள். எல்லாரையும் விரட்டி விரட்டிக் கொத்திய மொட்டைக்கழுத்தும் கடைசியில் தனியாக நிற்க முடியாமல் ஓடியது. எங்கள் கூடு காலி.

“பாத்தியா? ரெண்ட அனுப்பிட்டு மொத்தத்தையும் இட்டுக்கினு போய்ட்டாங்க” என்று நைனா குதித்தார். போய்க் கேட்க அவருக்குக் கௌரவம் இடம் தரவில்லை. விட்டுவிடவும் மனசில்லை. கோழியைப் பிடித்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டும், அந்தப் பொம்பளையோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அம்மாவை அனுப்பினார். வேவு பார்க்க நான்.

பெரியம்மா கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா ஒரு கறுப்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள்:

“இன்னாடி இப்பிடி எளச்சிப்போய்க்கீற? ஒயுங்கா துன்றதில்லையா?”

பெரியம்மா மொட்டைக்கழுத்தைத் தடவிக்கொண்டே அதனிடம் சொன்னாள்: “தனியா ஒக்காந்து துன்னா எங்க எறங்குது?”

கறுப்பி நன்றாகக் கொழுத்துத்தான் இருந்தது. அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று நினைத்தேன்.

அடுத்த நாளும் கோழிகள் போயின. அதற்கடுத்த நாளும். அம்மா கூடையோடு போவாள், போகப்போகத் திரும்புவதற்கு நேரமாகும். ஒரு நாள் பெரியம்மா அம்மாவின் தலையை அவிழ்த்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிகள் சுற்றிலும் மேய்ந்தன. யாரும் யாரையும் கொத்தவில்லை. என்ன பேசினார்கள் என்று நைனா கேட்டபோது, கோழியைப் பற்றித்தான் என்றேன். அது பொய்யில்லை.

கடைசியில் அவருக்குச் சந்தேகம் அடுப்பின் மேல் திரும்பியது. சுற்றியது சரியில்லை, நீ போய் மறுபடி சுற்று என்று கறுப்பிகளை என் கையில் கொடுத்தார். நான் இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்றை இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். என்னையும் கோழிகளையும் பார்த்துவிட்டு ஒரு சுள்ளியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

“எரியற அடுப்புல சுத்தனா ரெக்க பொசுங்கிடும். அணையட்டும், அப்பறமா சுத்து.”

நியாயமாகத்தான் பட்டது. கறுப்பிகளை இறக்கிவிட்டேன். அவை நேராக வேலிச் சந்தைப் பார்த்து நடந்தன. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

படுக்கப் போகும்போதுகூடத் தணலைச் சாம்பலில் புதைத்து வைத்துவிட்டுப் படுப்பவள் என் அம்மா. காலையில் அதிலிருந்துதான் தீ பிடிப்பாள். எங்கள் அடுப்பு அணைந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தக் கோடை முழுக்க, அணைந்துவிட்டதா, அணைந்துவிட்டதா என்று சமையல்கட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.