அடுத்தவர் போடவேண்டிய டிக்

ஆண்டு விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. சார்ட்டில் இருபத்திரண்டு வேலைக்கும் டிக் விழுந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எழுபதுகளின் கடைசி. சாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக எனக்கு அது முதல் வருஷம். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் தாங்களே ஒரு ராஜா நாடகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். விழாவில் அதற்கு அரை மணி நேரம் கேட்டு, பெரிய டீச்சர் என்று நாங்கள் அழைக்கும் தலைமையாசிரியையிடம் ஒரு மாதம் நடையாய் நடந்தேன். "சொதப்புச்சின்னா இனிமே இந்த ஸ்கூல்ல நாடகம்ன்ற பேச்சே கெடையாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

சார்ட் என் யோசனை. வேலை, செய்பவர் பெயர், முடிக்கவேண்டிய நாள், கடைசியில் டிக்குக்கு ஒரு கட்டம். முடித்தவர்கள் தாங்களே வந்து டிக் போடவேண்டும். இப்படியொரு திட்டம் போட உலகத்திலேயே என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு வேறு!

அந்த மிதப்பில், எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவாருங்கள், ஒத்திகை பார்க்கலாம் என்றேன். ஒரு அட்டைக் கிரீடமும் இரண்டு தாடியும் வந்தன. பின்திரை இல்லை. ராணிக்குப் புடவை இல்லை. கடைசிக் காட்சிக்கு வசனமே எழுதவில்லை.

வகுப்புக்கு வராத தோழிக்காக "உள்ளேன் டீச்சர்" சொல்லும் பழக்கம்தான் காரணம். பின்திரை வரையவேண்டிய மல்லிகா காய்ச்சலில் கிடந்தாள். அவள் திட்டு வாங்கக் கூடாதென்று செல்வி டிக் போட்டிருக்கிறாள். செல்விக்காக இன்னொருத்தி. இப்படிப் பாதிக்கு மேல் பொய் டிக்.

"அவ வந்து செஞ்சிடுவா டீச்சர். அந்த நம்பிக்கையிலதான் போட்டேன்" என்றாள் செல்வி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

தொண்டை கட்டும்வரை கத்தினேன். கத்தி முடித்ததும் கஸ்தூரி எழுந்தாள். அவள் அப்பா மில் தொழிலாளி.

"ஷிப்டு மாறும்போது, வர்ற ஆளு மெஷின பாத்து வாங்கிக்கினாதான் போற ஆளு போவ முடியும்னு எங்கப்பா சொல்லுவாரு டீச்சர். அந்தப் பொருளு யாருக்கு வேணுமோ, அவங்களே டிக் போடட்டும்."

அன்றைக்கே புது சார்ட் எழுதினேன். பின்திரைக்கு ராஜா டிக் போடவேண்டும், புடவைக்கு ராணி. அதன்பிறகு வகுப்பே அமர்க்களப்பட்டது. தாடி அரிக்கிறது என்று மந்திரி இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். மல்லிகா காய்ச்சல் விட்டு வந்தாள். செல்வியே அவளுக்குச் சாயம் கலக்கிக் கொடுத்தாள். எனக்குச் சாப்பாடுகூட மறந்துபோனது.

விழா அன்று ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மைக் பெட்டிச் சாவி. அது பெரிய டீச்சர் பொறுப்பு, டிக் போடவேண்டியவள் கஸ்தூரி. வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய டீச்சர் வேகமாக மேடைக்குப் பின்னால் வந்து, சாவியைப் பியூனிடம் கொடுத்தனுப்பி எவ்வளவு நேரமாகிறது, டிக் போட்டுவிட்டுத் திரையைத் தூக்கு என்றார்.

"இன்னும் கைக்கு வரலிங்க டீச்சர். வந்தாதான் போடுவேன்" என்றாள் கஸ்தூரி.

பெரிய டீச்சர் அவளைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், விறுவிறுவென்று போனார். வாசலில் விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பியூனின் பையில்தான் சாவி இருந்திருக்கிறது. வாங்கிவந்து அவரே நீட்டினார். கஸ்தூரி பெட்டியைத் திறந்து, மைக்கைத் தட்டி, சத்தம் கேட்டபிறகு டிக் போட்டாள். அதுவரை பெரிய டீச்சர் நகரவில்லை.

நாடகம் முடிந்து கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. "அடுத்த வருஷம் ஒரு மணி நேரமா எடுத்துக்க" என்றார் பெரிய டீச்சர். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

முப்பது வருஷம் வேலை பார்த்தேன். அந்த விழாவுக்குப் பிறகு ஒருநாளும் என் வேலைக்கு நானே டிக் போட்டுக்கொண்டதில்லை.