லண்டன் பாஸ், பத்து ஃபெயில்

பெரியத்தா இருந்தார். அவருடைய தம்பி, என் அத்தா இருந்தார். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பர்மியில் ஸயா, இருந்தார். பெரியத்தாவின் மகன் இருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா இருந்தாள். நான் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பர்மாவில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் பெரியத்தாவின் கயிற்றுக் கடைப் பின்னறையில் கூடியிருந்தோம். உட்கார்ந்தவர்கள் பெரியத்தாவும் ஸயாவும் மட்டும். மற்றவர்கள் நின்றோம். பேச்சு என் படிப்பைப் பற்றி. என்னை யாரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கூடவே லண்டன்காரர்கள் நடத்துகிற வணிகக் கணக்குப் பரீட்சைக்கும் படித்தேன். பத்தாவதில் பூகோளப் பரீட்சை நடக்கிற அதே நாள், அதே காலை, லண்டன் பரீட்சையும் வந்துவிட்டது. அட்டவணையைப் பார்த்துவிட்டு ஸயாதான் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தார். ஒருவன் ஒரே காலையில் இரண்டு இடத்தில் உட்கார முடியாது. எதை விடுவது என்று முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம்.

பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் காலேஜ் பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு அந்த வருஷங்களில் சர்க்கார் காலேஜ்களை மூடிவைத்திருந்தது. பத்து பாஸ் பண்ணியவர்கள் வீட்டில் இருந்தார்கள். காலேஜில் வணிகம் சொல்லிக்கொடுத்த ஸயாவும் வீட்டில்தான் இருந்தார். தின்கன்ஜூனில் தன் வீட்டு மாடியில் பெஞ்சு போட்டு லண்டன் பரீட்சைக்கு வகுப்பு வைத்தார். இது காலேஜ் இரண்டாம் வருஷப் பாடம்தான், லண்டன்காரன் வேறு பேர் வைத்திருக்கிறான் என்பார். அதை எழுதப் பத்து பாஸ் வேண்டாம். என்ன அடையாள அட்டை வைத்திருக்கிறாய் என்றும் கேட்கமாட்டார்கள். எங்களுடையது வெளிநாட்டார் அட்டை. பாட்டன் கப்பலில் வந்தவர், அத்தாவும் நானும் இங்கேயே பிறந்தவர்கள், ஆனாலும் அட்டை அதுதான். அந்த அட்டைக்கு டாக்டர் காலேஜும் இஞ்சினியர் காலேஜும் கிடையாது. பெரியத்தாவுக்கு இது தெரியும். நான் ஒன்பதாவதில் இருக்கும்போதே என்னை அந்த மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டவர் அவர்தான். பணம் கட்டியவரும் அவர்தான். "லண்டன் பாஸ் பண்ணிட்டா சிங்கப்பூர்ல கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவான்" என்றார். சிங்கப்பூரை அவர் பார்த்ததில்லை.

அந்த மாடியில் பச்சைக் கைலியோடு வந்தவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, பச்சைக் கைலி. மற்றவர்கள் மீசை வைத்தவர்கள், கொண்டை போட்ட பெண்கள். காலேஜில் சேர்ந்து காலேஜ் இல்லாமல் போனவர்கள். என்னைப் பச்சை என்றுதான் கூப்பிட்டார்கள். "பச்சை, மணியாச்சு, அம்மா பால் ஆத்தி வச்சிருப்பாங்க, ஓடு" என்று பர்மியில் கேலி செய்வார்கள். ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் ஒத்து வராதபோது பெஞ்சைத் தாண்டி என்னிடம்தான் வந்தார்கள். வகுப்பு முடிந்து டீக் குடிக்கும்போது காலேஜைப் பற்றிப் பேசுவார்கள். பெரிய மரங்கள். நீள வராந்தா. மழை பெய்தால் ஸயா பேசுவது கேட்காது, ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். பேச்சு எல்லாம் "திறந்தா" என்ற சொல்லில் போய் நிற்கும். திறந்தா இதைப் படிப்பேன், திறந்தா அங்கே உட்காருவேன். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பிடித்துக்கொண்டது. எனக்குச் சிங்கப்பூர் வேண்டாம். அந்த வராந்தாவில் நடக்க வேண்டும். அதற்கு லண்டன் பாஸ் உதவாது. பத்து பாஸ்தான் வேண்டும்.

பின்னறையில் ஸயாதான் முதலில் பேசினார். அவர் பேசியது பர்மியில். "லண்டன் பரீட்சையை அடுத்த தவணைக்குத் தள்ளலாம், ஊஜி. கட்டின பணம் போகும். அவ்வளவுதான். பையன் பத்தை எழுதட்டும்." பெரியவரை மரியாதையாக ஊஜி என்பார்கள். பெரியத்தாவுக்கு அந்த மரியாதை போதவில்லை. பணம் போகும் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

"ஏன் போகணும்? பத்துல ஆறு பாடம். அஞ்சை இப்ப எழுதட்டும். மிச்சம் ஒண்ணை அடுத்த வருஷம் எழுதிட்டாப் போவுது."

"அப்படி எழுத முடியாது பெரியத்தா" என்றேன். "ஒண்ணு போனா ஆறும் போச்சு. அடுத்த வருஷம் ஆறையும் திரும்ப எழுதணும்."

"எவன் சொன்னான்?"

"சட்டம் அப்படி."

"லண்டன்காரனே பாஸ் பண்ணுனதை வச்சுக்க, மிச்சத்தைப் பிறகு எழுதுங்கறான். இங்கவுள்ளவன் லண்டன்காரனைவிடப் பெரிய ஆளா?"

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. கிட்டத்தில் பார்த்த பரீட்சை லண்டன் பரீட்சை ஒன்றுதான். அதில் ஒவ்வொரு பேப்பராக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். உலகத்துப் பரீட்சை எல்லாம் அப்படித்தான் என்று இருந்தார். பையன் சொல்வது சரி என்று ஸயா சொன்னார். "நீங்க உங்க பாடத்தைப் பாருங்க ஸயா" என்றார் பெரியத்தா. ஸயா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பெரியத்தா அத்தாவைப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" என்றார். அத்தா அந்தக் கடையில் கூலிக்கு நிற்கிறவர். "அண்ணன் சொன்னாச் சரிதான்" என்றார். நான் பெரியத்தாவின் மகனைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், பத்தாவது எழுதிக் கோட்டை விட்டவன். சட்டம் அவனுக்குத் தெரியாமல் இராது. அவன் கயிற்றுச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காசு கட்டுனதை முதல்ல எழுது. சும்மா கெடைக்கறதைப் பிறகு எழுது." பெரியத்தா எழுந்துவிட்டார். கூட்டம் முடிந்தது.

பூகோளத்துக்கு முந்தின பரீட்சைகளை எழுதினேன். அந்த நாள் காலை நான் வழியில் இறங்கிவிடாமல் இருக்கப் பெரியத்தா தன் மகனைத் துணைக்கு அனுப்பினார். பஸ் எங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசல் முழுக்கப் பச்சை. அம்மாமார்கள் பிளாஸ்கும் விசிறியுமாகச் சுவரோரம் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டு, இறங்கு என்று கையைக் காட்டினான். நான் எழுந்தேன். பெரியத்தாவின் மகன் என் சட்டையைப் பிடித்தான்.

"எறங்கிடாதடா. அத்தா என்னையத்தான் உரிப்பாரு."

"ஒண்ணு போனா ஆறும் போச்சுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அன்னைக்கு ஏன் வாயத் தெறக்கல?"

பஸ் வாசலைத் தாண்டிவிட்டது. அவன் சட்டையை விட்டான். "நான் கணக்குல மட்டும்தான்டா ஃபெயிலு. மத்த அஞ்சும் பாஸு. அடுத்த வருஷம் ஆறையும்தான் எழுதுனேன். அத்தா நான் ஆறுலயும் ஃபெயிலுன்னு நெனச்சிட்டிருக்காரு."

"ஏன்?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். கடைக்காரன் மகன் கணக்குல மட்டும் ஃபெயிலுன்னா சும்மா விடுவாரா? ஆறும் போச்சுன்னா, சரி, மண்டு, படிப்பு வரலன்னு விட்டுருவாரு. விட்டுட்டாருல்ல. அன்னைக்குச் சட்டத்தைச் சொல்லியிருந்தா, அப்ப உனக்கு எத்தனை போச்சுன்னு கேட்டிருப்பாரு." பிறகு சிரித்துக்கொண்டே, "கெய்ஸா மஷிபூ" என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். அடி வாங்காமல் தப்பியவன் சொல்லலாம்.

லண்டன் பரீட்சையை நன்றாக எழுதினேன். கெடுத்து வைத்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத்தான். ஆகவே எழுதினேன். மறுநாள் சரித்திரப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் போனபோது, காவலிருந்த டீச்சர், ஸயாமா, என் மேசைக்கு வந்து நின்றாள். "நேத்து எங்கே? காய்ச்சலா?" என்றாள். இல்லை என்றேன். கேள்வித்தாளைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

லண்டன் பாஸ் வந்தது. பத்தாவதில் பாஸானவர்களின் எண்களைப் பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டினார்கள். என் எண் இல்லை. பெரியத்தாவுக்கு ஆச்சரியம் இல்லை. மிச்சம் ஒன்றுக்கு எங்கே பேர் கொடுப்பது என்று கேட்கத் தொப்பியும் புதுக் கைலியும் போட்டுக்கொண்டு, பிஸ்கட் டின் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். தலைமை ஸயாமாஜியின் அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே அந்த அம்மா பேசியது குறைவு. ஆறும் எழுத வேண்டும் என்ற வார்த்தை மூன்று தரம் கேட்டது. பெரியத்தா வெளியே வந்தபோது பிஸ்கட் டின் அவர் கையிலேயே இருந்தது. மார்க்கெட் முனைக்கு வந்ததும் சொன்னார்: "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல."

"அடுத்த வருஷம் ஆறும் எழுதுறேன்" என்றேன்.

"கடைக்கு யாரு? உன் அத்தாவுக்கு முதுகு போச்சு. அதான் லண்டன் வந்திருச்சுல்ல. பத்து எதுக்கு?"

அந்த மழைக்காலத்தில் அவருடைய மகன் சொல்லாமல் கொள்ளாமல் மலேசியாவுக்குப் போய்விட்டான். அவன் நின்ற இடத்தில் நான் நின்றேன். சிங்கப்பூரிலிருந்து யாரும் கண்ணை மூடிக்கொண்டு வரவில்லை. பெரியத்தா என் லண்டன் பாஸ் தாளைக் கண்ணாடி போட்டுத் தார்ப்பாய்களுக்கு மேலே மாட்டினார். படகுக்காரர்களிடம் காட்டுவார். அவர்கள் தலையாட்டிவிட்டு, பத்துப் பாகம் நீளத்துக்குக் கயிறு வெட்டச் சொல்வார்கள். நான் வெட்டுவேன். காலேஜ் கணக்கு எதுவும் அந்தக் கடைக்குத் தேவைப்படவில்லை. பெரியத்தாவோடு நான் பேசியது கயிறு, பூட்டு, சாவி. ஸலாம் சொல்வேன். அது மார்க்கத்துக்கு.

பிறகு காலேஜைத் திறந்தார்கள். என்னைப் பச்சை என்று கூப்பிட்டவர்கள் உள்ளே போனார்கள். ஸயாவைத் தூரத்தில் ஒரு காலேஜுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் கடைக்கு வந்து, பெட்டி கட்டக் கயிறு வாங்கினார். "இன்னமும் எழுதலாம், வயசு இருக்கு" என்றார் மெதுவாக. கல்லாவிலிருந்து பெரியத்தா, "என்ன ஸயா, கயிறு போதுமா?" என்று கேட்டார். போதும் என்று சொல்லிவிட்டு ஸயா போனார்.

பெரியத்தா இப்போது இல்லை. மவுத்தானவர்களைப் பற்றி நல்லதைச் சொல் என்பார்கள். சொல்கிறேன். பெரியத்தா கயிற்றைக் குறைத்து அளந்ததில்லை. அத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். என் படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஸயாமாஜி சொல்லித் தெரிந்த பிறகும் சொல்லவில்லை. அதை நான் விடவில்லை. இப்போது பஸ்ஸில் பச்சைக் கைலிப் பையன்கள் லண்டன் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டு வருகிறார்கள். தேதி மோதினால் தாங்களே ஒன்றை மாற்றிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் யாரும் கூடி உட்கார்வதில்லை. அவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வருவதில்லை.

பெரியத்தா இருந்த காலத்தில், நான் கடையில் நின்று ஏழெட்டு வருஷம் ஆன பிறகு எனக்குப் பெண் பேசப் போனோம். பெண் வீடு தின்கன்ஜூனில். பெண்ணின் மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். அவர்தான் பேசினார். எங்கள் பக்கம் பெரியத்தா பேசினார். அத்தா ரவை அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"மாப்பிள்ளை லண்டன் பாஸ்" என்றார் பெரியத்தா. "பத்தாவது படிக்கும்போதே காலேஜ் பரீட்சை எழுதுனவன். நாந்தான் எழுத வச்சேன்."

"மாஷா அல்லாஹ். பத்தும் பாஸ்தானே?"

"பின்னே? பத்து இல்லாமலா லண்டன்ல குடுப்பான்?"

"பத்து ஃபெயில் மாமா" என்றேன்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பெரியத்தா சிரித்தார். "ஒரே ஒரு பாடம். அதுவும் கொஞ்சத்துல போச்சு. இவன் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கான்."

மாமாவுக்கு முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அட, ஒரு பாடம்தானா. எங்க ஸ்கூல்ல எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன் தம்பி. நாப்பது வேணும், முப்பத்தொம்போதுல போய் நிக்கும். பாவமா இருக்கும். உங்களுக்கு எவ்வளவு?"

பெரியத்தா என்னைப் பார்த்தார். பேசாதே என்று கடையில் பார்க்கிற பார்வை. நான் மாமாவைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னேன்.

"சைபர்."