திருப்பித் தைத்த துணி

மம்மி பின்னிக் கொடுத்த கம்பளிப் பையின் உள்துணி கிழிந்துவிட்டது. மாற்றலாம் என்று பிளேடால் தையலைப் பிரித்தேன். பழைய ஃபிளானல் வாசம் வந்ததும் கை நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் விவேக் நகரில் இருந்தோம். எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று மம்மி அந்த மழைக்காலம் முழுக்க ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னினாள். குழந்தையைச் சுற்றிவைக்க, வாத்துப் படம் போட்ட ஃபிளானல் துணியை டாடி வாங்கி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மம்மி வெறுங்கையோடு திரும்பினாள்.

ஒருநாள் ஸ்வெட்டரையும் குல்லாவையும் பிரித்தாள். சுருண்டிருந்த நூலை நனைத்து நாற்காலி முதுகில் சுற்றிக் காயவைத்தாள். அதிலேயே எனக்கு, சர்ச்சில் நடக்கும் மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு பை நெருக்கமாகப் பின்னினாள். உள்துணிக்கு அந்த ஃபிளானலை எடுத்ததும் டாடிக்குத் தாங்கவில்லை.

"அந்தத் துணி எதுக்கு ஸ்டெல்லா? வேற வாங்கித் தரேன்."

"கம்பளி கனம் தாங்காதுங்க. உள்ள நல்ல துணி இருந்தாத்தான் நிக்கும்" என்றாள் மம்மி, தலை நிமிராமல்.

தைத்து முடித்ததும் பைக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

"மம்மி, திருப்பித் தச்சுட்ட. வாத்தெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு."

"தெரியும்மா" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

இப்போது துணியை மெல்ல விலக்கினேன். வெள்ளைப் பக்கம் பழுப்பேறியிருந்தது. வெளிச்சமே படாத வாத்துகள் டாடி வாங்கி வந்த அன்றைய மஞ்சளிலேயே இருந்தன.

பிரித்த இடத்தை மறுபடி தைத்து மூடினேன். புதுத் துணியை அதன் மேலேயே வைத்துத் தைத்தேன்.