யாருடைய நாடி

சித்த மருத்துவம் படித்து முடித்த கையோடு செங்கம் ரோட்டில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்துவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம். ஊரிலுள்ள நோயையெல்லாம் தை மாதத்துக்குள் தீர்த்துவிடும் வேகம் எனக்கு.

செவ்வாய்க்கிழமைகளில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் வருவார். கடலை மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். கடலைத் தோல் தூசியில் மூச்சு இழுப்பு. வலது கையை மேஜைமேல் நீட்டி, "இருக்கேனா, போய்ட்டேனா, பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா" என்பார். சிரிப்பை அடக்க நான் படாத பாடு படுவேன். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். அந்த மூன்று விரல்களை அவர் மணிக்கட்டில் வைப்பதற்காகத்தான் என் வாரம் நகர்ந்தது.

ஒரு நாள் நாடி ஓட்டமாக ஓடியது. நடுவிரலில் ஒரே பித்தம். சூடு ஜாஸ்தி என்று, இழுப்புக்குக் கொடுத்துவந்த திப்பிலியை நிறுத்திவிட்டுக் குளிர்ச்சியான சூரணத்தை மடித்தேன். பொட்டலத்தை நீட்டும்போதுதான் கல்லூரியில் முதல் வாரமே சொல்லித்தந்தது உறைத்தது. விரலை அழுத்தி வைத்தால் நோயாளியின் நாடி தெரியாது, நம் விரல் நுனியின் துடிப்புதான் தெரியும். மறுபடி அவர் கையைப் பிடித்தேன். சங்கிலியைச் சரிசெய்வதுபோல் இடது கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே துடிப்பு.

ஓடியது என் நாடி. இழுப்புக்காரருக்கு அந்தக் குளிர்ச்சி மருந்து போயிருந்தால் அன்றைக்கே மூச்சு முட்டியிருக்கும்.

பொட்டலத்தை உள்ளே வைத்தேன். "இனிமே பெரியாஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற சித்த டாக்டர்கிட்ட போங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

"ஏங்க, எதுனா தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லீங்க. உங்க நாடி எனக்குப் பிடிபடல."

"படிச்சவங்களுக்கே பிடிபடலியா! அவ்ளோ மோசமாவா கீறேன்?" என்று சிரித்தவர், வாசலில் நின்றார். "அப்ப செவ்வாக்கிழமைக்கு நான் எங்க போறது?"

சும்மா இங்கேயே வாங்க என்று சொல்ல வாய் துடித்தது. மருந்துக்கென்று கை நீட்டிய மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இறங்கியவர்கள் நடந்து வந்து சேரும் நேரத்தில், எனக்கு வாசலில் ஏதாவது வேலை இருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்து, அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவர் இடுப்புவலி என்று வந்தார். "எங்க எடைக்காரரு இப்ப இழுப்பு இல்லாம ஜம்முனு கீறாரும்மா. நீங்க அனுப்பின எடம் நல்ல எடமாம்."

நல்லது என்றேன். அவர் கையை வாங்கி விரல் வைத்தேன். வாதம், பித்தம், கபம் மூன்றும் தனித்தனியாக, துல்லியமாகத் தெரிந்தன. எனக்கு அது பிடிக்கவே இல்லை.