அங்கியைப் பார்க்காத காவல்காரன்

நூதனசாலையில், அதுதான் மியூசியத்தில், வேலை செய்கிறவன் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்த்துவிடுவான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: சிவசம்பர். வாசலில் நின்று சம்பளம் வாங்கிய உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவசம்பர் இருந்திருப்பார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டு வெறும் வயிற்றோடு வீடு திரும்பியவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தில் அப்போது தமிழர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நானும் சிவசம்பரும் கிளென்ஃபீல்டில் அடுத்தடுத்த தெரு, ஒரே நூதனசாலையில் காவல் வேலை. அவர் கொழும்பில் கிளாக்கராக இருந்தவர், இங்கிலிஷ் தண்ணீர் பட்ட பாடு. நான் ஐந்தாம் வகுப்போடு லொறி ஏறினவன். அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு பேராலயத்தின் அங்கி எங்களிடம் இரவலாக வந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால், பூசை நேரத்தில் குருவானவர் தோளில் போர்த்துக்கொள்வதற்காகப் பட்டு நூலாலும் பொன் நூலாலும் இடைவெளி விடாமல் தைத்தது. உலகம் முழுக்கப் பேர்போனது. மூன்று மாதம் இருக்கும், பிறகு போய்விடும், திரும்ப வராது. எனக்கு அதை ஒருதரம் ஆறுதலாக நின்று பார்க்கவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

தலையாட்டினது

காவலுக்கு இரண்டு இடம். ஒன்று உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில். மற்றது வெளியே, வருகிறவர்களின் குடையையும் பையையும் வாங்கி வைக்கும் மேசை. அரைநாள் அவர், அரைநாள் நான் என்று காரில் வரும்போதே ஒப்பந்தம். முதல்நாள் காலை எங்கள் மேற்பார்வையாளர் ஹெலன் வந்ததும் சிவசம்பர் என் தோளில் கைபோட்டு இங்கிலிஷில் நீளமாக ஏதோ சொன்னார். நடுவில் என் கண்ணை வேறு சுட்டிக்காட்டினார். என் கூர்மையான பார்வையைப் புகழ்கிறார் என்று நினைத்தேன். ஒருவர் எங்களைப் புகழும்போது கட்டை மாதிரி நிற்பது மரியாதையில்லை அல்லவா? அடக்கமாகத் தலையாட்டினேன். ஹெலன் உருகிப்போய் எனக்கு ஒரு டோர்ச் லைட் தந்தாள்.

ஒரு கிழமை கழித்து என் மகள் வந்தபோதுதான், ஹெலன் அவளிடம் சொல்லி, சிவசம்பர் அன்று சொன்னது வெளிவந்தது. எனக்கு மங்கல் வெளிச்சத்தில் கண் தெரியாதாம். ரோசக்காரனாம், வாய்விட்டு ஒப்புக்கொள்ள மாட்டேனாம். அங்கியின் நூல் நிறம் மாறாமலிருக்க உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஆகவே என் இடம் வெளியேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவிரவாக வெங்காயம் ஏற்றிப் போன கண்ணுக்கு வந்த பேரைப் பாருங்கள். நேரே ஹெலனிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் என் கண் நல்ல கண் என்று சொன்னேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "தெரியும் குலா. நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று சம்பு அன்றைக்கே சொன்னார்."

ஆட்டுக்காரர்

மேசையில் நின்றபடி, குடையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: உள்ளே என்ன கண்டீர்கள்? கேட்டுக் கேட்டே அங்கியை மனதில் தைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கன்னியாஸ்திரி எல்லாம் பொன் என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் எல்லாம் மண்நிறம் என்றார். ஒரு பெண், ஆறு சிறகுள்ள தேவதைகள் சில்லின்மேல், அதாவது சக்கரத்தின்மேல், நிற்கின்றன என்றாள். லொறிக்காரனுக்குச் சில்லு என்றால் சும்மா விடமுடியுமா? எத்தனை கம்பி வைத்த சில்லு என்று கேட்டேன். பார்க்கவில்லையாம்.

தெற்கிலிருந்து விடியமுன் புறப்பட்டு வந்த ஒரு விவசாயி. கைகள் இரண்டும் மண்வெட்டி மாதிரி. போன வேகத்தில் திரும்பி வந்தார். நன்றாக இல்லையா என்று கேட்டேன். குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "நாலாயிரம் ஆடு வளர்க்கிறவன் நான். அதில் ஒரு இழை கம்பளி கிடையாது, எல்லாம் பட்டு. வீட்டுக்குப் போய் என் ஆடுகளின் முகத்தில் எப்படி முழிப்பேன்?"

செருப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி இரண்டு சிநேகிதிகளோடு வந்தாள். எல்லோரும் பட்டுச்சேலை. பேர்போன பட்டைப் பார்க்கப் போகும்போது நைலோனில் போகலாமா என்பது அவர்கள் கட்சி. அவர்களில் மங்கரேயிலிருந்து வந்த லட்சுமி அக்கா மலேசியாக்காரி. கதவால் எட்டிப் பார்த்தவர் சடாரென்று திரும்பி என் மேசையடிக்கு வந்தார். "ஐயோ, உள்ளே சக்கரத்தோட சாமி நிக்குது லா! செருப்போடயா போறது?" என்று காலணியைக் கழற்றி என் மேசைக்குக் கீழே தள்ளினார். மற்ற இருவரும் கழற்றினார்கள்.

வரிசையில் பின்னால் நின்ற வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள். இந்த மண்ணின் பூர்வகுடி மவோரிகளின் கூடத்துக்குள் போகும்போது சப்பாத்தைக் கழற்றிப் பழகிய ஊர் இது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் கழற்ற, அடுத்தவர் கழற்ற, அரைமணி நேரத்தில் என்னைச் சுற்றிச் சப்பாத்து மலை. நான் பாட்டுக்கு வாங்கி அடுக்கினேன். உள்ளே மேல்சட்டையும் கழுத்துப்பட்டியுமாகப் பளபளக்கும் பூட்ஸோடு நிற்கிற ஒரே ஆள் சிவசம்பர் என்பதும், எல்லோரும் அவர் காலையே முறைத்துப் பார்க்கிறார்கள் என்பதும் கதவிடுக்கால் எனக்குத் தெரிந்தது. அங்கிதான் கூட்டத்தில் மறைந்துவிட்டது. திரும்பி வந்த ஒரு முதியவர் தன் சப்பாத்தைத் தேடியபடி சொன்னார்: "மரியாதை செய்யச் சொன்னது சரி. ஆனால் வாசலில் ஒரு பலகை வைத்திருந்தால் ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டு வந்திருப்பேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, லீவு நாளில் டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்களேன் என்று மனைவி கேட்டாள். மாட்டேன் என்றேன். எனக்குரிய அரைநாளை நானே காசு கொடுத்து வாங்கினால் சிவசம்பர் தப்பிவிடுவார். சரி, நீ கண்டதைச் சொல் என்றேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். "என்னத்தைச் சொல்லுறதப்பா, சிவசம்பு அண்ணை முன்னால நிண்டவர். அவற்ற வண்டி வயிறுதான் வடிவாத் தெரிஞ்சுது."

பாலத்தில்

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருந்தது. தினமும் வேலைக்கு இருவரும் வருவது என் காரில். ஓட்டுவது நான். குளிர்காலத்தில் வேலை முடிய இருட்டிவிடும். இருட்டில் கண் தெரியாதவன் என்று என்னைப் பற்றிச் சொன்ன மனிதர், மூன்று மாதமும் இருட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலை கொறித்துக்கொண்டு வீடு போனார்.

ஒருநாள் நல்ல மழை. துறைமுகப் பாலத்தில் ஏறியதும் வேகத்தைக் குறைத்து, ஹெலன் தந்த டோர்ச்சை எடுத்து அவர் மடியில் போட்டேன். "சிவசம்பு அண்ணை, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. முன் கண்ணாடியால வெளிச்சம் அடிச்சுப் பிடியுங்கோ."

"என்ன காணும், பகிடியோ?"

"என்ர கண்ணைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தானே தெரியும். இப்ப இடதோ, வலதோ?"

பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. சிவசம்பர் டோர்ச்சை இரண்டு கையாலும் பிடித்து ஆக்லாந்து மழைக்குள் அடித்துக்கொண்டே கத்தினார், "நேர! நேரயடாப்பா! நாளைக்கே சொல்லுறன், நாளைக்கே உமக்கு உள்ளுக்கு இடம்!" பாலம் இறங்கும்வரை பிடித்திருந்தார்.

சொன்னபடி மறுநாள் ஹெலனிடம் சொல்லவும் செய்தார். குலா உள்ளே நிற்க ஆசைப்படுகிறார், என் இடத்தைத் தருகிறேன் என்றாராம். அவள் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "சம்பு, உங்களைப்போல ஒரு சிநேகிதன் கிடைக்க அவர் கொடுத்துவைத்திருக்கவேண்டும். ஆனால் அவர் இருட்டில் விழுந்தெழும்பினால் என்னால் தாங்கமுடியாது."

கடைசி நாள்

கடைசி நாள் மத்தியானம் ஹெலன் மேசையடிக்கு வந்தாள். மூன்று மாதம் பொறுமையாக நின்றதற்காகக் கடைசி ஒரு மணி நேரம் எனக்கு உள்ளேயாம். குருடனைக் கூட்டிப்போவதுபோலக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். சிவசம்பர் குடைகளுக்கு நடுவில் நின்றார். அந்தக் காட்சிக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருப்பேன்.

என்னைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்துத் திருப்பினாள். அப்போதுதான் விளங்கியது. காவலுக்கு நிற்கிறவன் துணியைப் பார்க்கக்கூடாது, சனத்தின் கைகளைப் பார்க்கவேண்டும். அங்கிக்கு முதுகு, ஆட்களுக்கு முகம். கடைசி நாள் என்பதால் அறைகொள்ளாத கூட்டம். ஒரு அம்மா அழுதார். ஒரு பெடியன் வாயைப் பிளந்தான். எழுநூறு வருஷ வேலையை அவர்களுடைய முகங்களில் பார்த்தேன். சனம் போகட்டும், திரும்பிப் பார்க்கலாம் என்று இருந்தேன். மணி அடித்தது. கடைசி ஆளை வெளியே விட்டுத் திரும்பினால், வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர் பின்கதவால் வந்து வெள்ளைத் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தேவதையின் கால் தெரிந்தது. கீழே பொன் நூலில் சில்லு. கம்பியை எண்ணத் தொடங்கமுன் அதுவும் மூடுண்டது.

வீடு போகும் வழியில் அந்தத் தேவதையின் காலைப் பற்றிச் சிவசம்பரிடம் சொன்னேன். பாலம் தாண்டியபின் மெல்லச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் சனம் வரேக்கைதான் மூடினதைத் திறப்பினம், சனம் போன கையோட மூடிப்போடுவினம். மூண்டு மாதமும் அங்கிக்கு என்ர முதுகுதான் காணும். உமக்கு ஒரு காலெண்டாலும் கிடைச்சுது. இனிக் கணக்குச் சரிதானே?"

ஹெலன் தந்த டோர்ச் லைட் இன்னும் என் காரில்தான் இருக்கிறது. சிவசம்பர் தரவேண்டிய அரைநாள்தான் இன்னும் வந்து சேரவில்லை.