மாசி மகத்துப் பீங்கான்

பூங்கோதையின் காதைப் பற்றி விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சூளையிலிருந்து இறங்கிய மின்கம்பப் பீங்கானை மரச்சுத்தியால் ஒரு தட்டு. டங்கென்று கேட்டால் பெட்டிக்குப் போகும், டொக்கென்று கேட்டால் உடைசல் குவியலுக்குப் போகும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. விருந்துக்குப் போன வீட்டில்கூடத் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சோறு வாங்குவாள் என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கேலி அவளுக்குப் பிடித்திருந்தது.

முதலாளி விருத்தகிரிக்குக் குணம் தங்கம், குரல் மட்டும் தகரம். எதையாவது கேள்விப்பட்டால் உடனே காலை விட்டுவிடுவார். 2005இல் தெற்கே சுரண்டைப் பக்கம் மின்சாரம் எடுக்கும் காற்றாடி ஒன்று வாங்கினார். பீங்கான்காரருக்கு எதற்குக் காற்றாடி என்று பேட்டையே வாயைப் பிளந்தது. ஏறக்குறைய நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது சுற்ற, இங்கே ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் டெலிபோன் வழியாக அதை நலம் விசாரிக்கும். காற்று என்ன வேகம், மின்சாரம் எவ்வளவு, பேரிங் எத்தனை சூடு, எப்போது நின்றது, ஏன் நின்றது என்றெல்லாம் திரையில் வரிவரியாக வந்து விழும். அதைத் தினமும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆபீஸில் இருந்தவர்கள் மெல்ல நழுவினார்கள். பன்னிரண்டாவது வரை படித்திருந்த பூங்கோதையின் தலையில் அது விழுந்தது.

விழுந்ததை அவள் கீழே வைக்கவில்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். குறுக்கே காற்றின் வேகம், நெடுக்கே கிலோவாட். தினமும் புள்ளி வைத்தாள். புள்ளிகள் சேர்ந்து ஒரு வளைகோடாயின. ஒரு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் அன்று அவளுக்கு டீ இறங்காது. உடனே சாமிதுரைக்குப் போன் போடுவாள். காற்றாடியின் காலடியிலேயே கிடக்கும் ஐம்பது வயது எலக்ட்ரீசியன் அவர். அவள் முகம் பார்த்திராத மனிதர்.

"அண்ணே, ஒம்போது மீட்டர் காத்துல இருபது கிலோவாட் கொறயுது. ரெக்கயில அழுக்கு கிழுக்கு படிஞ்சிருக்குதா?"

"யம்மா, நீ அங்கன இருந்துக்கிட்டு என் வாட்ச்சுல மணி பாக்க போலுக்கே!" என்பார் அவர். போய்ப் பார்த்தால் அழுக்கு இருக்கும்.

2006 ஆடியில்தான் வினை வந்தது. காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிற மாதம். அதில் வாரத்துக்கு நாலு நாள் காலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே காற்றாடி தானாக நின்றது. திரையில் 'எர்த் ஃபால்ட்' என்று வந்தது. எங்கேயோ மின்சாரம் தரைக்குக் கசிகிறது என்று பொருள். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பராமரிப்புக் கம்பெனி இன்ஜினியர், "வெளி லைன்ல கோளாறு, நம்மகிட்ட ஒண்ணுமில்ல" என்று கை கழுவினார்.

பூங்கோதை நோட்டைப் புரட்டினாள். நின்ற நாட்களில் எல்லாம் அங்கே சாரல் அடித்திருந்தது. பக்கத்துக் காற்றாடியோ ஒரு நாளும் நிற்கவில்லை என்றார் சாமிதுரை. அவள் முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, நம்ம வேலிக்குள்ளதான் ஏதோ கசியுது. நனைஞ்சா கசியுது, காஞ்சா நின்னுடுது. ஒரு நாள் நிறுத்திட்டு, கம்பத்து மேல இருக்கற பீங்கான எல்லாம் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க."

"ஆடிக் காத்துல ஒரு நாள் நிறுத்தறதா? இன்ஜினியருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சோ?" அவர் போட்ட சத்தம் சூளை வரை கேட்டது. பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. தன் முக்காலிக்குத் திரும்பி, பீங்கான்களைத் தேவைக்கு மேல் ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

மறுநாள் விருத்தகிரி கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தார். குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார், தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். லைன் கோளாறு மேல்தான் கட்டியிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். "சாமி சுரண்ட வரைக்கும் எந்த பஸ்ஸுல போவாரு?" என்று சூளைக்காரன் பாவாடை கேட்டதற்குப் பூங்கோதைகூடச் சிரித்துவிட்டாள்.

ஒரு வாரம் போனது. ஒருநாள் காலையில் அவராகவே வந்து, "நாளைக்கி நிறுத்திப் பாக்கச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

மறுநாள் மத்தியானம் சாமிதுரை கூப்பிட்டார். "யம்மா, கெட்டிக்காரி! நீ சொன்னது நெசம். ஒரு பீங்கான்ல மயிரெழ மாதிரி கீறலு. தண்ணி ஊத்துனதும் தெரியுது. அடியில ஏதோ நம்பர் போட்டிருக்கு, வாசிக்கட்டா?"

அவர் வாசித்தார். பூங்கோதை அந்த நம்பரைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். நம்ம காற்றாடிக்கு நம்ம பீங்கான் என்று முதலாளி பெருமையாக அனுப்பிய பெட்டி. போன மாசி மகத்தன்று அவள் தட்டிப் பார்த்த பீங்கான்கள். அன்று சுற்றுப்பட்டுக் கிராமத்துச் சாமிகள் எல்லாம் மணிமுத்தாற்றுக்கு மேளதாளத்தோடு போய்க்கொண்டிருந்தன. பறைச் சத்தத்தில் தன் தட்டலே தன் காதுக்கு ஏறவில்லை. எல்லோரும் வாசலுக்கு ஓட, அவளும் கடைசி இருபதைப் பேருக்குத் தட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினாள்.

"நம்ம சரக்கா?" என்றார் சாமிதுரை. "இடி விழுந்து கீறிட்டுன்னு எழுதிப்புடுதேன். யாரு கேக்கப் போறா?"

கையிலிருந்த டீயைக் குடிக்காமல் யோசித்தாள். பன்னிரண்டு வருஷப் பேர், அந்த முக்காலி, கம்ப்யூட்டர் நாற்காலி எல்லாம் கண்முன் வந்து போயின. டீயை அப்படியே வைத்துவிட்டு முதலாளியிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள்.

விருத்தகிரி மோவாயைத் தடவினார். "மாசி மகத்தன்னிக்கா? அன்னிக்கு மேளத்த நம்ம கேட்டுக்குள்ள கூப்ட்டு அர மணி நேரம் ஆடுனது யாரு?"

பூங்கோதை தரையைப் பார்த்தாள். "நீங்கதான் மொதலாளி."

"வேட்டி அவுந்தது வரைக்கும் ஞாபகம் இருக்குமே?"

"இருக்குது மொதலாளி."

அவர் வெடித்துச் சிரித்தார். இனி மாசி மகத்தன்று தட்டும் வேலைக்கு லீவு என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. பிறகு, "ஒங்கையெழுத்து நல்லா இருக்கும், வா, பிராத வாபஸ் வாங்கணும்" என்று டி.வி.எஸ். ஃபிஃப்டியில் முன்னே போனார். அவள் ஷேர் ஆட்டோவில் பின்னே போனாள்.

கோயிலில் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"கொளஞ்சியப்பா. பூங்கோதை சொல்வதை யாரும் நம்பவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை, அவள் சொல்வது சரி என்றால் நீயே காட்டு என்று பிராது கட்டியிருந்தேன். காட்டிவிட்டாய். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்."

பேனா நின்றுவிட்டது. அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, "எழுதும்மா, பொழுது சாயுது" என்றார்.

பூங்கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை எழுதி முடித்தாள். அவர் கையெழுத்துப் போட்டதும் தாளைத் திரும்ப வாங்கினாள். அடியில் இடம் பார்த்து ஒரு வரி சேர்த்தாள்: 'கீறல் பீங்கானைச் சரியாகத் தட்டிப் பார்க்காமல் அனுப்பியதும் நான்தான். இப்படிக்கு, பூங்கோதை.'

விருத்தகிரி அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார்.