பெட்டியில் போட்ட மாத்திரை

ஜெபக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவது அக்கா தங்கை இருவரில் பெரியவளின் வேலை. சுகமளிக்கும் கூட்டம் நடந்த மறுநாள்தான் அவளுக்கு இடுப்பு ஒடியும். மேடைக்குக் கீழே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சுகம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்கள் கண்ணாடி, காது மிஷின், கைத்தடி, மாத்திரை எதுவானாலும் அதில் போட்டுவிட்டு மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். சொன்ன ஆட்களே விடிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு பின்வாசலில் வந்து நிற்பார்கள். கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடித் துழாவுகிறவர்களைப் பார்த்து அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல். இப்போது வெறும் அருவருப்புதான்.

காரணம், போன கூட்டத்தில் அந்தப் பெட்டியில் வலிப்பு மாத்திரையைப் போட்டது அவள் கூடப்பிறந்த தங்கை. மாத்திரையின் தயவில் வருஷக்கணக்காக வலிப்பு வராமல் இருந்தவள், இனி வரவே வராது என்று மைக்கில் சொன்னாள். கூடமே கைதட்டியது.

பெரியவள் மாத்திரை அட்டையைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். தங்கை அசையவில்லை.

"திரும்ப முழுங்கினா நான் ஆண்டவரை நம்பலைன்னு ஆயிடும்க்கா."

பெரியவளும் தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவள்தான். அட்டையை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அந்த வாரமே அடுப்படியில் வலிப்பு வந்து, தங்கை எண்ணெய்ச் சட்டியோடு சரிந்தாள். இடது கை முழங்கை வரை வெந்துபோனது.

போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், சட்டை கசங்காமல். கட்டுப் போட்ட கையைப் பார்க்காமலே குனிந்து, கனிவாகக் கேட்டார்.

"மனசுல எங்கயாவது துளி சந்தேகம் இருந்துச்சாம்மா?"

தங்கை பாவம், உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "இருந்திருக்கும் பாஸ்டர்" என்று அழுதாள். வெந்ததும் அவள், குற்றவாளியும் அவள்.

"பைபிள்ல ஆண்டவரைப் பிடிக்க வந்த கூட்டத்துல ஒருத்தனுக்குக் காது அறுந்துச்சே பாஸ்டர், அவனைத் தொட்டு சுகமாக்கினாரே. விசுவாசம் இருக்கான்னு கேட்டுட்டா தொட்டாரு?" என்றாள் பெரியவள்.

போதகர் கண்ணை மூடி, அக்காவின் கோபம் தணிய வேண்டும் என்று ஜெபித்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். தங்கை வாயைத் திறக்காமல் போதகரின் முகத்தையே பார்த்தாள். அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாப்பிடும்மா. சபையில யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

தங்கை உடனே வாயைத் திறந்தாள். மாத்திரை உள்ளே போயிற்று. பெரியவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆனால் தங்கை தண்ணீரைக் குடித்து முடித்து, நன்றி பாஸ்டர் என்று நல்ல கையால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, பெரியவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.